காதுகுத்தும் காது மிஷினும்

மேகம் நகரும்போது சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். அவ்வளவு பெரியது, அவ்வளவு தூரம் போகிறது, சும்மாவா போகும். பஸ் போனால் தரை அதிரும். லாரி போனால் ஜன்னல் கம்பி அதிரும். அது எனக்குத் தெரியும். மேகம் பஸ்ஸைவிடப் பெரியது.

காதில் மிஷின் மாட்டிய அன்று வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஏமாற்றமாக இருந்தது. அந்த நேரம் பார்த்துக் காதோரம் ஏதோ ஒன்று மெல்லிசாகக் கீச்சிட்டுக்கொண்டு வந்து வந்து போனது. பயந்துபோய் மாமாவிடம் ஓடினேன். மாமா என் கன்னத்தில் லேசாக ஒன்று வைத்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கொசு.

கொசுவுக்குச் சத்தம் உண்டு, மேகத்துக்குக் கிடையாது. இது எனக்குப் பிடிபடவே இல்லை.

அப்போது மூன்றாம் வகுப்பு முடித்திருந்தேன். வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்குக் கடலை விவசாயம். மழை ஏமாற்றிய வருஷம் தைலமரம் வெட்டப் போவார். அம்மா வீட்டையும் ஆடுகளையும் என்னையும் பார்த்துக்கொண்டாள். மூன்றில் நான்தான் அதிக வேலை வைத்தேன்.

எனக்குக் காது மந்தம். பிறக்கும்போதே அப்படியா, கைக்குழந்தையில் வந்த காய்ச்சலாலா, யாருக்கும் தெரியாது. முழுச் செவிடு இல்லை. இடி கேட்கும். வேட்டு கேட்கும். காதுக்குள் வாயை வைத்துக் கத்தினால் பேச்சும் கேட்கும், ஆனால் பாதி உதிர்ந்துதான் வரும். நான் பேசுவதும் அப்படியே பாதி உதிர்ந்துதான் இருந்தது. வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் விளங்கும்.

எங்கள் வீட்டில் என்னை யாரும் வாயால் கூப்பிட்டதில்லை. பக்கத்தில் இருந்தால் தரையில் காலால் தட்டுவார்கள். தூரத்தில் இருந்தால் ஒரு சின்னக் கல் வந்து முதுகில் விழும். அப்பாவின் கல்லும் அம்மாவின் கல்லும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும். அப்பா போடுவது தோளில் விழும். அம்மாவுக்குக் குறி கிடையாது, எங்கேயும் விழும். எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு விளையாடிக்கொண்டிருப்பேன். கல்லும் வராது, ஒன்றும் வராது. திடீரென்று அவள் எழுந்து வீட்டுக்குள் ஓடுவாள். உள்ளே அவள் அம்மா சோற்றுத் தட்டோடு நிற்பாள். எப்படித் தெரிந்தது? ஏதாவது நூல் கட்டியிருப்பார்களோ என்று அவள் பாவாடையை ஒரு நாள் திருப்பிப் பார்த்து, அடி வாங்கினேன்.

மாமா என்று சொன்னேனே, அவர் அம்மாவுக்கு அண்ணன். பக்கத்து ஊரில் மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, துக்கம், கட்சிக் கூட்டம், எதுவானாலும் அவர் செட்டுத்தான். இளவட்டத்திலேயே இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார். அவர் செட்டுக்கு ஒரு பேர் உண்டு. இங்கே பாட்டுப் போட்டால் மூன்று ஊர் தள்ளி ஆட்டம் போடுவார்கள் என்பார்கள். பெரியவர்கள் சிலர் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள். மாமா சிரித்தபடி தலையாட்டுவார். குறைக்கமாட்டார்.

எனக்கு மாமாவைப் பிடிக்கக் காரணம் அந்தச் செட்டுத்தான். ஆள் உயரப் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தால் பாட்டு கைக்குள் வரும். கையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து நெஞ்சுக்கு. மற்றப் பிள்ளைகள் ஆடுவார்கள். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு நிற்பேன். மாமாவும் சில நேரம் என் பக்கத்தில் வந்து பெட்டிமேல் கை வைத்து நிற்பார். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் ஒரு பாட்டு முழுக்க நிற்போம்.

பள்ளிக்கூடம் உள்ளூரில்தான். முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். போர்டில் இருப்பதை அச்சடித்த மாதிரி எழுதுவேன். என்ன எழுதினேன் என்று கேட்டால் தெரியாது. டீச்சர் நல்லவர். அவர்தான் அப்பாவைக் கூப்பிட்டு, டவுனில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஹாஸ்டலோடு பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கே சேருங்கள், இங்கே வைத்திருந்தால் பிள்ளை வீணாகப் போகும் என்று சொன்னார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். அப்பாவைத் தப்பு சொல்லமாட்டேன். அந்தப் பள்ளியில் படித்த பலர் இன்று என்னைவிட நல்ல நிலையில் இருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒரே கவலைதான். ஹாஸ்டலில் யார் எனக்குக் கல் போட்டுக் கூப்பிடுவார்கள்?

அம்மா சாப்பிடாமல் கிடந்தாள். ஒற்றைப் பிள்ளையைக் கண்காணாமல் அனுப்பமாட்டேன் என்றாள். அப்பா ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது சேர்ப்பது என்று முடிவே செய்துவிட்டார். அப்போதுதான் மாமா வந்து, பெரியாஸ்பத்திரியில் காதுக்கு மிஷின் கொடுக்கிறார்களாம், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். மிஷின் பற்றி மாமாவுக்கு எப்படி அவ்வளவு விவரம் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. மைக்செட்டுக்காரர், வயரும் பேட்டரியும் அவருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு அக்கா என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார். சத்தம் கேட்டால் கை தூக்கு என்றார். கேட்காதபோதும் தூக்கினேன். கண்டுபிடித்துவிட்டார். பிறகு காதுக்குள் பஞ்சு வைத்து, பிசைந்த மாவு மாதிரி ஒன்றை ஊற்றினார். சில்லென்று இருந்தது. இறுகியதும் எடுத்துக் காட்டினார். என் காதின் உள்பக்கம் ஒரு சின்னச் சங்கு மாதிரி வெளியே வந்திருந்தது. அதை வீட்டுக்குக் கேட்டேன். தரவில்லை.

கொஞ்ச நாள் கழித்துத் திரும்பப் போனபோது மிஷின் தயாராக இருந்தது. காதுக்குப் பின்னால் கொக்கி மாதிரி ஒன்று. அதிலிருந்து மெல்லிய குழாய். குழாய் முடிவில் அந்தச் சங்கு. இரண்டு காதுக்கும் மாட்டினார். கம்ப்யூட்டரில் வயரைக் கோத்து ஏதோ செய்தார். நான் அம்மாவைப் பார்த்து, வலிக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். யாரோ அறைக்குள் பேசினார்கள். திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. மறுபடி பேசினேன். மறுபடி அதே ஆள். நான்தான்.

அம்மா அழுதாள். அழுகைக்குச் சத்தம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. அதுவரை அழுகை என்றால் எனக்குத் தண்ணீர் மட்டும்தான்.

அக்கா நிறையச் சொன்னார். குளிக்கும்போது கழற்ற வேண்டும். வேர்வை படக்கூடாது. சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கிற பேட்டரியைப் பிள்ளை வாயில் போடாமல் பார்க்க வேண்டும். முக்கியமாக, மாட்டியதும் எல்லாம் கேட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம், கூட்டத்தில் எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்து விழும், எது யார் பேச்சு என்று பிரிக்க நாளாகும் என்றார். மாமா அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கண்ணை அக்கா முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.

அம்மா கடைசியாக ஒரு சந்தேகம் கேட்டாள். எனக்குக் காது குத்தவில்லை. மற்றப் பிள்ளைகளுக்குத் தவழ்கிற வயதிலேயே குத்திவிடுவார்கள். எனக்கு ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தார்கள். ஏற்கெனவே கேட்காத காது, அதில் ஓட்டை வேறு போட்டால் இருக்கிறதும் போய்விடும் என்று பயம். இப்போது மிஷினும் மாட்டியாகிவிட்டது, இனிக் குத்தினால் ஓட்டை வழியாகச் சத்தம் வெளியே போய்விடாதா என்று கேட்டாள். அக்கா சிரித்துவிட்டார். பிறகு அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, காது மடலுக்கும் கேட்பதற்கும் சம்பந்தமில்லை, தாராளமாகக் குத்துங்கள் என்றார்.

அப்படித்தான் காதுகுத்து முடிவானது. குலதெய்வம் ஐயனார் கோயிலில் மொட்டை, காதுகுத்து, கிடாவெட்டு. ஜூன் பிறப்பதற்கு முன்னால்.

முடிவானதும் அப்பாவின் அக்கா, என் அத்தை, வந்து மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொட்டாங்கச்சியில் பாதி இல்லை, இதுவா காதைத் திறக்கும் என்றாள். இதைப் பார்த்து ஏமாந்து பிள்ளையை இங்கேயே வைத்துக்கொண்டால் பின்னால் வருத்தப்படுவீர்கள் என்றும் சொன்னாள். அப்பா எதையும் நாலு பேர் முன்னால் தீர்த்துக்கொள்கிற ஆள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"காதுகுத்து அன்னைக்கு, சொந்தம் பூராவும் இருக்கையில, பின்னாடி நின்னு பாப்பாவக் கூப்பிடுறேன். திரும்புச்சுன்னா நம்ம ஸ்கூல்லயே படிக்கட்டும். இல்லாட்டி டவுனுக்குத்தான்."

கத்திக் கூப்பிடக்கூடாது, கத்தினால் யாருக்கும்தான் கேட்கும் என்று அத்தை சேர்த்துச் சொன்னாள். அப்பா சரி என்றார்.

இதையெல்லாம் என் முன்னால்தான் பேசினார்கள். என் முன்னால் எதையும் பேசலாம் என்பது வீட்டில் பழக்கம். மிஷின் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகச் சில நாள் ஆனது. அந்தச் சில நாளில் நான் நிறையத் தெரிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் மாமா சாயங்காலம் சாயங்காலம் வந்தார். காதைப் பழக்க வேண்டும் என்று சொல்லி என்னை வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போவார். எனக்கும் வீட்டுக்குள் இருந்த சத்தமெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. கடுகு வெடிப்பது, விளக்குமாறு இழுப்பது, பிளாஸ்டிக் பை கசங்குவது, ஆடு அசைபோடுவது, நான் ஒன்றுக்குப் போவது. கடைசியில் சொன்னதைத்தான் நான் அதிக நாள் ஆச்சரியமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டும்தான் அப்படி வருகிறதா என்று அம்மாவிடம் கேட்டேன். எல்லாருக்கும்தான் என்றாள்.

மாமா தைலமரத் தோப்பில் வண்டியை நிறுத்துவார். காற்று அடித்ததும் கேட்பார்.

"எலை சத்தம் கேக்குதா?"

தலையாட்டினேன்.

"எப்படி இருக்கு?"

யோசித்து, அம்மா அரிசி புடைக்கிற மாதிரி இருக்கிறது என்றேன்.

"ஆமா," என்றார். கொஞ்ச நேரம் மரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். "ஆமா. அப்படித்தான் இருக்கும்."

இருட்டுகிற நேரத்தில் கண்மாய்க் கரைக்குப் போனோம். சில்லுவண்டு கத்துகிறதா என்று கேட்டார். எது சில்லுவண்டு என்றேன்.

"நிக்காம ஒண்ணு கேக்கும். கம்பிய இழுத்துப் பிடிச்ச மாதிரி. நா சின்னப் புள்ளையா இருக்கையில தூங்கவே விடாது."

கேட்டது. முதலிலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அது இடைவெளியே விடாததால் நான்தான் அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. எப்போது நிறுத்தும் என்று கேட்டேன். அது நிறுத்தாது, நாம்தான் பழகிக்கொள்ள வேண்டும் என்றார்.

இதெல்லாம் எனக்கு வைக்கிற பரீட்சை என்று நினைத்துக்கொண்டேன். ஜூன் மாதத்துக்காக மாமா என்னைத் தயார்ப்படுத்துகிறார். அதனால் ஒரு கேள்வியையும் விடவில்லை. கேட்காததையும் கேட்கிறது என்று சொல்லிவிடுவேன். தண்ணீருக்குள் மீன் மெல்லுவது கேட்கிறது என்று ஒரு நாள் அடித்துவிட்டேன். மாமா கண்மாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எந்தப் பக்கம் என்று கேட்டார். கை காட்டினேன். தலையைச் சாய்த்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். பரீட்சை வைப்பவருக்கு விடை தெரியவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு.

காதுகுத்துக்கு முந்தின நாள்தான் அந்த ஏற்பாட்டைச் சொன்னார். மாமா மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். குத்தி முடித்ததும் அப்பா பின்னாலிருந்து கூப்பிடுவார். கூட்டத்தில் எல்லாம் ஒன்றாகத்தான் காதில் விழும், எதுவும் பிரியாது என்று மாமா சொன்னார். அனுபவப்பட்டவர் மாதிரி சொன்னார்.

"கண்ட சத்தத்துக்கெல்லாம் திரும்புனீன்னா சிரிச்சுருவாய்ங்க ஆத்தா. அப்பா கூப்பிட்ட ஒடனே நா இடுப்புல கிள்ளுவேன். அப்பத் திரும்பு. நா கிள்ளாமத் திரும்பாத. சரியா?"

சரி என்றேன். அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் கோயிலில் சொந்தம் முழுக்க வந்திருந்தது. மாமா செட்டு காலையிலேயே அலறியது. அவர் சீர்த்தட்டோடு வந்து இறங்கியபோது வேட்டுப் போட்டார்கள். மிஷினோடு கேட்கிற முதல் வேட்டு. நான் போய் அம்மா சேலைக்குள் புகுந்துகொண்டேன். அதைப் பார்த்து அம்மாவுக்குச் சந்தோஷம். பாத்தீங்களா, பயப்படுது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அவர்கள் அதோடு விடவில்லை. ஒவ்வொருவராக என் பின்னால் வந்து கை தட்டினார்கள். ஒருவர் சாவிக்கொத்தை ஆட்டினார். ஒரு சித்தி தாம்பாளத்தைத் தட்டினாள். நான் எதற்கும் திரும்பவில்லை. மாமா கிள்ளவில்லையே. அத்தை உதட்டைப் பிதுக்கிக்கொண்டாள். அம்மா முகம் சுருங்கியது.

மொட்டை அடித்தார்கள். குளிப்பாட்டிச் சந்தனம் பூசினார்கள். மொட்டைத் தலையில் மிஷின் இரண்டும் எடுப்பாகத் தெரிந்தன. மாமா சந்தனம் படாமல் துண்டால் துடைத்துத் துடைத்து மாட்டிவிட்டார். சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னை மடியில் வைத்துக்கொண்டார். காது குத்துகிற ஆசாரி எனக்கு முன்னால் வந்து குந்தினார். ஊசியை எடுத்தவர், மிஷினைப் பார்த்துக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இதுல கை பட்டா கரண்டு அடிக்குமா?"

அடிக்காது, குத்துங்க என்று எல்லோரும் சிரித்தார்கள். குத்தினார். தோலுக்குள் ஊசி போகிற சத்தம் கேட்டது. நறுக்கென்று, சின்னதாக. வலியைவிட அந்தச் சத்தம் எனக்குப் புதுசு. அழ மறந்துவிட்டேன். இன்னொரு காதிலும் அப்படியே வருமா என்று காத்திருந்தேன். வந்தது. அழாத பிள்ளையைப் பார்த்து ஆசாரி மிரண்டுபோனார்.

அப்பா பாட்டை நிறுத்தச் சொன்னார். சித்தப்பா போய்ச் செட்டை அணைத்தார். ஆசாரி எழுந்து ஒதுங்கிக்கொண்டார். கூட்டம் எங்களைச் சுற்றி நின்றது. அப்பா எங்களுக்குப் பின்னால் போனார். அவர் எவ்வளவு தூரத்தில் நின்றார் என்று எனக்குத் தெரியாது. நான் நேரே ஐயனாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் மாமாவின் விரல் தயாராக இருந்தது.

"பாப்பா."

கேட்டது. அப்பாவின் குரல் எனக்கு அப்போது பழகியிருந்தது. அவர் சத்தமாகப் பேசுகிற ஆள் இல்லை. வாயில் வெற்றிலை இருப்பது மாதிரி, கொஞ்சம் கனமாக வரும். கூட்டத்தில் கசகசவென்று இருந்தது. அதற்கு நடுவில் அது தனியாக வந்து விழுந்தது.

விரல் அசையவில்லை.

"பாப்பா."

இரண்டாவது தடவையும் கேட்டது. காத்திருந்தேன். எதிரே நின்றவர்கள் முகமெல்லாம் என்னையே பார்த்தன. அம்மா வாயைச் சேலையால் பொத்திக்கொண்டிருந்தாள். அத்தை, நான் அப்போதே சொன்னேன் என்கிற மாதிரி பக்கத்தில் இருந்தவளைத் தொட்டாள். அப்பா மூன்றாவது தடவை கூப்பிட்டார். இந்த முறை குரல் இறங்கியிருந்தது. ஆசை விட்டுப்போன குரல்.

கிள்ளினால்தானே திரும்பலாம். நான் தலையைத் தூக்கி மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டில் சிரிப்பை வைத்துக்கொண்டு, ஏதோ இனிமேல்தான் ஆரம்பிக்கப்போகிறது என்பது மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் தாடையைத் தொட்டுத் திருப்பினேன்.

"மாமா, அப்பா அப்ப இருந்து கூப்புடுறாக. நீங்க ஏன் இன்னும் கிள்ளல?"

பாதி உதிர்ந்த பேச்சுத்தான். ஆனாலும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. கூட்டம் சிரித்தது. அவ்வளவு பேர் ஒன்றாகச் சிரித்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு முன்னால் தெரியாது. கடலைக்காயை மூட்டையிலிருந்து கொட்டுகிற மாதிரி இருந்தது. அத்தையே சிரித்துவிட்டாள்.

"மாமனும் மருமகளும் கூட்டுக் களவாணிக. களவாங்கக்கூடத் தெரியல இதுகளுக்கு."

அப்பா முன்னால் வந்தார். என் மொட்டைத் தலையில் கையை வைத்தார். சந்தனம் அவர் கையில் ஒட்டியது.

"கேட்டுருச்சு," என்றார். "நம்ம ஸ்கூலுக்கே போகட்டும்."

அவ்வளவுதான். அம்மா ஐயனார் முன்னால் விழுந்து கும்பிட்டாள். ஆசாரி உட்பட எல்லோரும் என் கன்னத்தைக் கிள்ளினார்கள். அப்பா மாமாவைப் பார்த்து, கிள்ள மறந்துட்டீங்களா மச்சான் என்று சிரித்தபடி கேட்டார். மாமா அவர் வாயைப் பார்த்தார். பிறகு தானும் சிரித்தார். ஆமாம் மாப்ள, மறந்துட்டேன் என்றார். எனக்கு மாமாமேல் கோபம். நானாகக் கேட்டிருக்காவிட்டால் டவுனுக்கு அனுப்பியிருப்பார்கள். இவ்வளவு முக்கியமானதை ஒருவர் மறப்பாரா?

உள்ளூர்ப் பள்ளியிலேயே படித்தேன். பத்தோடு நின்றுவிட்டேன். படிப்பு ஏறவில்லை. அதற்குக் காதைக் குற்றம் சொல்ல முடியாது. இப்போது தையல் வேலை. மிஷின் மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. இப்போது இருப்பது போனோடு பேசுகிறது.

மாமா தன் காதில் மிஷின் மாட்டியது ரொம்ப வருஷம் கழித்து. நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அதுவரை வரமாட்டேன் என்றே சொல்லிவந்தார். மைக்செட்டுக்காரன் காதுல மிஷின மாட்டிக்கிட்டு நின்னா எவன் கூப்புடுவான் என்பார். நியாயம்தான். அவரையும் கண்ணாடி அறையில் உட்கார வைத்தார்கள். அவரும் கேட்காதபோது கை தூக்கினார். அக்கா இல்லை, இப்போது ஒரு பையன். அவனும் கண்டுபிடித்தான். பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று, மெல்லிய சத்தமெல்லாம் பல வருஷத்துக்கு முன்பே போய்விட்டது என்றான். நான் பிறப்பதற்கு முன்பே ஆரம்பித்திருக்கும் என்றான்.

மாட்டிக்கொண்டு வெளியே வந்து ரோட்டில் நின்றார். எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, என்னடி இது, ஊரே இப்படி இரையுது என்று சலித்துக்கொண்டார். அந்த வருஷம் திருவிழாவில் அவர் செட்டு சத்தம் பாதியாகக் குறைந்தது. ஆளுக்கு வயசாயிருச்சு, முன்னே மாதிரி இல்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

இதெல்லாம் பின்னால். காதுகுத்து அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது.

அன்று மத்தியானம் பந்தி நடந்துகொண்டிருந்தது. மாமா சாப்பிட வரவில்லை. கோபம் தீராததால் சண்டை போடலாம் என்று தேடிப் போனேன். கோயிலுக்குப் பின்னால், நிறுத்தியிருந்த செட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு என்று ஏன் சொல்கிறேன் என்றால், அம்மா எனக்கு முன்னாலேயே அங்கே வந்து நின்றிருந்தாள். கையில் அவருக்கு இலையில் சோறு. நான் வந்ததைப் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்தாள். பிறகு மாமா முதுகைப் பார்த்து, முணுமுணுக்காமல், கத்தாமலும், அப்பா என்னைக் கூப்பிட்டாரே, அதே அளவில் கூப்பிட்டாள்.

"அண்ணே."

மாமா வயரைச் சுருட்டினார்.

"அண்ணே."

எனக்கு விளங்கிவிட்டது. எனக்கு வைத்த பரீட்சையை அம்மா இப்போது மாமாவுக்கு வைக்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மாமா அசையவே இல்லை. யாரும் கிள்ளாமல், யாரையும் திரும்பிப் பார்த்துக் கேட்காமல், எவ்வளவு அழுத்தமாக உட்கார்ந்திருக்கிறார். இந்த விளையாட்டில் மாமா என்னைவிடக் கெட்டிக்காரர் என்று நினைத்தேன். கோபம்கூடக் கொஞ்சம் போய்விட்டது.

அப்பா மூன்று தடவை கூப்பிட்டார். அம்மாவும் இன்னொரு தடவை கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் கூப்பிடவில்லை. இலையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு, அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஏன் இப்படி உட்கார்ந்தாள் என்று எனக்கு விளங்கவில்லை.